கப்பல் விளையாட்டில் ஐஸ்காரருக்கு என்ன வேலை?

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி அறை. நாலு பேர், மூன்று கம்ப்யூட்டர், ஒரு கேரம் போர்டு. வேலை முடிந்து வந்த நேரத்தில், மூன்று வருடமாக, பாய்மரக் கப்பல் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். பல பேர் ஒரே சர்வரில் ஆடும் வகை. காலம் 1740கள், இடம் சோழமண்டலக் கரை. காற்று திரும்பினால் பாயைத் திருப்ப வேண்டும், பீரங்கி சுட்டால் புகை கண்ணை மறைக்கும், ஓட்டை விழுந்த கப்பல் மெல்ல ஒரு பக்கம் சாயும். இதெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் சோதனைக்கு வருகிறவர்கள் நாலு நாள் சண்டை போட்டுவிட்டு ஐந்தாம் நாள் காணாமல் போகிறார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "சண்டை சூப்பர்ண்ணா. சண்டை இல்லாதப்ப என்ன பண்றது?"

தொழிலும் வியாபாரமும் சேர்க்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை. எப்படிச் சேர்ப்பது என்பதில் நாலு பேருக்கு நாலு யோசனை. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, சிலதைக் காகிதத்தில் ஆடியும் பார்த்து, நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன், ஏன் சாய்ந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். இதே மாதிரி கேம் செய்கிறவர்களுக்கு உதவலாம்.

எதை வைத்து எடை போடுவது என்பது எனக்குக் காசிமேட்டில்தான் பிடிபட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வஞ்சிரம் வாங்கப் போயிருந்தேன். விசைப்படகில் பங்கு வைத்திருக்கும் மாமா ஒருவர் அங்கே நின்றிருந்தார். அவருடைய போட்டு அன்று கிளம்புவதாக இருந்தது. வலை ஏறியாயிற்று, டீசல் ஏறியாயிற்று, ஆட்கள் ஏறி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். போட்டு மட்டும் நகரவில்லை. "ஐஸ் வரல மாப்ள. ஐஸ் இல்லாம போயி என்னத்த புடிச்சி என்ன பண்றது?" என்றார். அரை மணி கழித்து வண்டி வந்தது. கட்டி கட்டியாக இறக்கி, இயந்திரத்தில் கொடுத்து நொறுக்கி, சரிவுப் பலகை வழியாகப் போட்டின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். ஐஸ்காரர் கைலியை உதறிக்கொண்டு, கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கடலுக்கே போகாத ஒரு ஆளுக்காகக் கடலுக்குப் போகிற பத்து பேர் காத்திருந்தார்கள். அதே சமயம் அவர் வரவே இல்லை என்றாலும் துறைமுகம் மூடிவிடாது. கொஞ்சம் அதிக விலைக்கு இன்னொருவரிடம் வாங்கியிருப்பார்கள்.

இதை இரண்டு கேள்வியாக்கிக்கொண்டேன். இந்த ஆட்டக்காரர் இன்று லாகின் செய்யாவிட்டால் வேறு யாருக்காவது வேலை கெடுமா? கெட்டால், அதோடு ஆட்டமே நின்றுபோகுமா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால்தான் அது தொழில். மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது.

சரி, முதல் யோசனை. படம் வரையும் அக்காவுடையது. துறைமுகங்களே விலை வைக்கட்டும் என்றார். பெகுவிலிருந்து தேக்கு வரும், வங்காளத்திலிருந்து அரிசியும் வெடியுப்பும் வரும், மாலத்தீவிலிருந்து தென்னங்கயிறும் சோழியும் வரும். இங்கிருந்து துணி போகும். சரக்கு குறைந்த ஊரில் விலை ஏறும், குவிந்த ஊரில் இறங்கும். தனியாக ஆடும் பழைய கடல் வணிக கேம்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் ஓடின. ஒரே வாரத்தில் எழுதிவிடலாம், பத்து பேர் ஆடினாலும் ஓடும், பத்தாயிரம் பேர் ஆடினாலும் ஓடும். ஆனால் மூன்றாவது நாளே எவராவது எந்த ஊரில் எதை வாங்கி எங்கே விற்பது என்று அட்டவணை போட்டு வாட்ஸப் குழுவில் விட்டுவிடுவார். அப்புறம் எல்லாக் கப்பலும் ஒரே வழியில் வரிசையாகப் போகும், காலையில் மின்ட் தெருவில் மாட்டிக்கொண்ட ஆட்டோக்கள் மாதிரி. அங்கே யார் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. முதல் கேள்வியிலேயே தோற்றுப்போகிறது. இருந்தாலும் தூக்கி எறிய மாட்டேன். வேறு யாருமே வாங்காதபோது துறைமுகம் அடிமாட்டு விலைக்காவது வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் புதிதாக வருகிறவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடித்தளமாக இருக்கட்டும்.

இரண்டாவது, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியின் யோசனை. சேரும்போதே ஆளுக்கு ஒரு தொழில். தச்சர், கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், பீரங்கி வார்ப்பவர், வணிகர். எடுத்தது எடுத்ததுதான், மாற்ற முடியாது. "அப்பதான்ணா ஒருத்தர ஒருத்தர் தேடுவாங்க" என்றான். காகிதத்தில் பார்த்தால் அழகான யோசனை. அதனால் காகிதத்திலேயே ஆடிப் பார்த்தோம்.

கேரம் போர்டைக் கடலாக்கினோம். நாலு குழியும் நாலு துறைமுகம்: சென்னப்பட்டினம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம். 1740களின் தொடக்கத்தில் இந்த நாலும் நாலு கம்பெனிக்காரர்கள் கையில் இருந்தன. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர், டச்சுக்காரர், அதே வரிசையில். கறுப்புக் காய் தேக்கு, வெள்ளைக் காய் துணி, சிவப்பு வெடிமருந்து. எட்டு பேர் சுற்றி உட்கார்ந்தோம், ஆளுக்கு ஒரு சீட்டு. முதல் ஞாயிறு கலகலவென்று போனது. உண்மையிலேயே ஒருவரை ஒருவர் தேடினார்கள், பேரம் பேசினார்கள், ஒருவருக்கொருவர் டீ வாங்கிக்கொடுத்து விலை குறைத்தார்கள். அடுத்த ஞாயிறு கயிறு திரிக்கும் பையனுக்கு செமஸ்டர் பரீட்சை. வரவில்லை. நாலு கப்பல் மரவேலை முடிந்து, பாய் தைத்து, பீரங்கி ஏற்றி நிற்கிறது. கட்டக் கயிறு இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, போர்டைத் துடைத்து பவுடர் போட்டு நிஜமான கேரம் ஆடினோம்.

மூன்றாவது வாரம் இன்னொருவர் தன் தங்கச்சி பெயரில் கயிற்றுக்காரர் சீட்டு ஒன்று எழுதிக்கொண்டு வந்தார். தங்கச்சி வரவில்லை, சீட்டு மட்டும்தான் வந்தது. காகித ஆட்டத்திலேயே கள்ளக் கணக்கு வந்துவிட்டது என்றால், ஆன்லைனில் ஆளுக்கு ஐந்து அக்கவுண்ட் வைத்துக்கொண்டு, தானே தச்சர், தானே வணிகர் என்று ஆடுவார்கள். நாம் கட்டாயப்படுத்திய உறவு காணாமல் போய், அக்கவுண்ட் மாற்றி மாற்றி லாகின் செய்யும் சலிப்புதான் மிஞ்சும்.

எனக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்ட சென்னப்பட்டினத்தில், அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதிக் கூட்டங்களின் சண்டை முற்றி எந்தத் தெருவில் எந்தச் சாதி குடியிருக்கலாம் என்றே பிரித்துக் கோடு போட்டார்கள். பிறந்தபோது வந்த தொழில், சாகும்வரை மாற்ற முடியாது, அந்தத் தெருவை விட்டு இந்தத் தெருவுக்கு வர முடியாது என்ற ஏற்பாட்டை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை ஒரு கேமின் விதியாக எழுதி, "ஆழமான தொழில் அமைப்பு" என்று விளம்பரம் செய்ய எனக்குக் கை வரவில்லை. தம்பி இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவனே சீட்டுகளைக் கிழித்துப் போட்டான்.

மூன்றாவது யோசனை உழைப்பு மணி. கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், தூங்கும்போதும்கூட, நாளொன்றுக்கு இத்தனை மணி உழைப்பு சேரும். ஒரு வடம் திரிக்க இவ்வளவு, ஒரு பாய் தைக்க இவ்வளவு என்று அதிலிருந்து கழியும். கடல் கேம்களில் இது நன்றாக அடிபட்ட பாதை. 2003-ல் வந்த பசில் பைரட்ஸில் ஆட்டக்காரர்கள் கடை வைத்திருப்பார்கள், மற்றவர்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்து தங்கள் உழைப்பு மணியைக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். 2008-ல் வந்த பைரட்ஸ் ஆஃப் தி பர்னிங் சீயில் பட்டறையும் தோட்டமும் கட்டினால் அவற்றில் மணி சேர்ந்துகொண்டிருக்கும். நேவல் ஆக்‌ஷனிலும் இதே கருத்துதான்.

இதில் பெரிய நியாயம் ஒன்று இருக்கிறது. எங்கள் சோதனைக்காரர்களில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலை. கன்டெய்னர் யார்டில் இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவரும், நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கும் கல்லூரிப் பையனும் ஒரே சர்வரில் ஆட வேண்டும். உழைப்பு மணி இருவருக்கும் ஒரே அளவு கொடுக்கிறது. எட்டு மணி நேரம் உட்கார்ந்து மரம் வெட்டுகிறவன்தான் பணக்காரன் என்ற நிலை வராது.

குறை என்னவென்றால், எல்லோரும் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்துகொள்வார்கள். பத்து பேர் சேர்ந்து குழு வைத்தால் அந்தக் குழு சந்தைப் பக்கமே வராது. வீட்டிலேயே மாவாட்டி வீட்டிலேயே தோசை சுட்டுக்கொள்கிறவர்களை வைத்து யார் ஹோட்டல் நடத்துவது? அதனால் இதில் ஒரு திருத்தம்: ஒரு சமயத்தில் இரண்டு கைத்தொழில்தான். வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விட்ட தொழிலின் கைப்பழக்கம் பாதி குறைந்துவிடும். திரும்ப வந்தால் மீதிப் பாதி இருக்கும். பரீட்சைக்குப் போன பையனுக்குப் பதில் இன்னொருவர் கயிறு திரிக்கலாம், கொஞ்சம் மட்டமாக வரும், அவ்வளவுதான். இரண்டு கேள்விக்கும் ஓரளவு பதில் வருகிறது.

நான்காவது என்னுடையது. அதனால் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமில் தொழில் என்றாலே எதையாவது செய்து பெட்டியில் போடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சென்னப்பட்டினத்துக்கு இன்னொரு விசேஷம் இருந்தது. அங்கே துறைமுகமே கிடையாது. 1639-ல் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கியதிலிருந்து இருநூறு வருடத்துக்கு மேல் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டன. கடலுக்குள் இரும்புப் பாலம் வந்ததே 1861-ல். அலைதடுப்புச் சுவர் கட்டி ஏறக்குறைய முடிக்கும்போது 1881 புயல் அதைப் புரட்டிப்போட்டது. அதுவரை, பட்டு விரித்து நடக்கிற கவர்னராக இருந்தாலும் சரி, அரிசி மூட்டையாக இருந்தாலும் சரி, கரையேற வேண்டுமானால் மசூலா படகில்தான். புதுச்சேரிப் பக்கம் இதே மாதிரிப் படகைச் சலங்கு என்பார்கள். ஆணியே கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி அடிக்கும்போது படகு வளைந்து கொடுக்கும். கப்பலில் வரும் ஐரோப்பியப் படகு விறைப்பானது, அந்த அலையில் உடைந்துவிடும். அதனால் எவ்வளவு பெரிய கேப்டனும் படகுக்காரரிடம் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் கட்டுமரக்காரர்கள் வேறு வருவார்கள், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கிப்போட.

இதைவிட நல்ல தொழிலை நாம் உட்கார்ந்து கற்பனை செய்தாலும் கிடைக்காது. கேமில் இப்படி: பெரிய கப்பல் ஒரு ஆழத்துக்கு மேல் கரையை நெருங்க முடியாது. கொடி ஏற்றிப் படகைக் கூப்பிட வேண்டும். கரையில் இருக்கும் படகுக்கார ஆட்டக்காரர்களுக்குச் செய்தி போகும். யார் முதலில் வருகிறாரோ, யார் குறைவாகக் கேட்கிறாரோ, அவருக்கு வேலை. அலையைக் கடப்பது அவர் கைத்திறமை. அலை முதுகில் ஏறிவிட்டால் துடுப்பை நிறுத்த வேண்டும், அது கடந்ததும் மூச்சுப் பிடித்து வலிக்க வேண்டும். தப்பினால் மூட்டை நனையும், நனைந்த துணி பாதி விலைக்குத்தான் போகும். கையில் காசு இல்லாமல் இன்று சேர்ந்த ஆளும் வாடகைப் படகை எடுத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கலாம். நாலு நாளில் காணாமல் போகிறவர்களுக்கு முதல் நாளே பெரிய கப்பல்காரர்கள் தேடி வரும் ஒரு வேலை கிடைக்கிறது. யாருமே கரையில் இல்லாத நேரத்துக்கு, துறைமுகத்தின் சொந்தப் படகு, இரண்டு மடங்கு கூலி, மூன்று மடங்கு நேரம். போட்டுக்கு வேறொரு ஐஸ்காரர்.

இன்னொன்று துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்ற பெயரில் ஆரம்பித்து, தரகர், கணக்கர், ஜாமீன், சில சமயம் முதலாளி என்று எல்லாமாகவும் இருந்தவர்கள். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பெரம்பூரில் 1709-ல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளைதான் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஆனந்தப்புரவி என்று ஒரு கப்பலும் இருந்தது. ஐரோப்பியர் துணி வாங்கிய முறையே இந்த ஆட்கள் வழியாகத்தான். முன்பணம் வணிகருக்குப் போகும், அவரிடமிருந்து நெசவாளருக்குப் போகும், மாதங்கள் கழித்துத் துணி வரும், கப்பல் கிளம்பும் முன் வந்து சேர வேண்டும். கேமில் இதை அப்படியே முன்பண ஒப்பந்தமாக்கலாம். காசிமேட்டு மாமாவைக் கேட்டால் இன்றைக்கும் இது புரியும். "அட்வான்ஸ் வாங்கினா மீனு அவருக்குத்தான். வெலைய அவரு சொல்லுவாரு, நாம தலைய ஆட்டணும்" என்பார். ஆட்டத்தில் இந்தத் தலையாட்டலும் வர வேண்டும் என்பது என் ஆசை. அவசரத்துக்கு முன்பணம் வாங்கினால் ருசி இருக்கும், பின்னால் கசப்பும் இருக்கும்.

என் யோசனையின் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஆள் வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில். சர்வரில் பன்னிரண்டு பேர் இருக்கும் செவ்வாய்க்கிழமை மதியம் கேப்டன் கொடியேற்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, சரக்கை ஏற்றிக்கொண்ட படகுக்காரர் கரையில் இறங்கி ஓடிவிட்டால்? ஈவ் ஆன்லைன் மாதிரி சில கேம்களில் ஏமாற்றுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். சரக்கின் மதிப்பில் ஒரு பங்கை ஈடாகக் கட்டிவிட்டுத்தான் வேலை எடுக்க முடியும் என்று வைத்தால், ஓடுகிறவரும் யோசிப்பார்.

தொழிலைப் பற்றி இவ்வளவு. சந்தையைப் பற்றி இரண்டே வழிதான், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒன்று, உலகம் முழுக்க ஒரே ஏலக்கடை: நாகப்பட்டினத்தில் வைத்த மூட்டையை சென்னையில் உட்கார்ந்து வாங்கலாம், வாங்கிய உடனே பெட்டிக்குள் வந்துவிடும். வசதிதான். ஆனால் கடல் கேமில் கடலைத் தேவையில்லாமல் செய்துவிடும். வசதி என்று நினைத்துச் சேர்த்த சந்தை ஆட்டத்தையே தின்றுவிடும் என்பதற்கு டயப்லோ 3 இருக்கிறது. 2012-ல் ஏலக்கடையோடு வந்தது. அரக்கனைக் கொன்று வாள் எடுப்பதற்குப் பதில் எல்லோரும் கடையில் வாங்கிக்கொண்டார்கள், 2014 மார்ச்சில் ஏலக்கடையையே மூடினார்கள். இன்னொரு வழி, ஊருக்கு ஊர் தனிச் சந்தை. வாங்கிய சரக்கு வாங்கிய ஊரிலேயே கிடக்கும், போய் எடுத்து வர வேண்டும். 2003-லிருந்து ஓடும் ஈவ் ஆன்லைனில் இப்படித்தான். அங்கே ஜிடா என்று ஓர் இடம் யாரும் திட்டமிடாமலேயே மாபெரும் சந்தையாகிவிட்டது. விற்கிறவர் கூடினார், அதனால் வாங்குகிறவர் கூடினார், அதனால் இன்னும் விற்கிறவர். கொத்தவால்சாவடியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றும்வரை, லாரி நுழைய முடியாத அந்தச் சந்துகளுக்குத்தான் ஊரின் மொத்தக் காய்கறியும் வந்து போனது. கல்யாணப் பத்திரிகை என்றால் இன்றும் ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போகிறோம். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிப்போன வியாபாரிகளை வைத்துத்தான் பவளக்காரத் தெருவுக்கு அந்தப் பெயர். எது பெரிய சந்தை என்று நாம் வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டாம். விட்டால் தானே முளைக்கும்.

அப்புறம் பணம். இதைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது, வடிகால் எவ்வளவு பெரியது என்பதுதான் கணக்கு. கொள்ளையில் வரும் பணம், துறைமுகம் கொடுக்கும் பணம் எல்லாம் குழாய். பணம் செலவாகிக் கரையும் இடமெல்லாம் வடிகால். வடிகால் இல்லையென்றால் மூன்று மாதத்தில் ஒரு மூட்டை அரிசி லட்சம் வராகன் (அந்தக் காலத் தங்க நாணயம்) ஆகும். பயந்துபோய்க் குழாயையே அடைத்தாலும் ஆகாது. 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனில் உலகத்தின் மூலப்பொருளை அளந்து வைத்து, தேய்ந்தது திரும்பி மண்ணுக்கு வரும் என்று வட்டமாகத் திட்டமிட்டார்கள். ஆட்டக்காரர்கள் சட்டையும் கத்தியுமாகப் பதுக்கி வைத்துக்கொண்டார்கள், திரும்ப வரவேண்டியது வரவே இல்லை. அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று.

எங்களுக்கு வடிகாலைக் கடலே தருகிறது. நம் கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உண்டு. அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு அடிக்கும் வழக்கம் 1780களை ஒட்டித்தான் பரவியது. நம் கதை அதற்கு நாற்பது வருடம் முந்தையது. அதனால் கப்பலை மணலில் சாய்த்து, பாசி சுரண்டி, சுண்ணாம்பும் எண்ணெயும் பூசியே தீர வேண்டும். செய்யாவிட்டால் வேகம் குறையும், பிறகு தண்ணீர் ஏறும். சுண்ணாம்பு, எண்ணெய், கயிறு, தச்சரின் மணி எல்லாம் அங்கே கரையும். இரண்டாவது வடிகால் ஐப்பசி கார்த்திகை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் அக்டோபர் நடுவில் கப்பல்கள் சென்னைக் கரையை விட்டுக் கிளம்பிவிடுவது வழக்கமாக இருந்தது. கிளம்பாமல் இருந்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே. 1746 செப்டம்பரில் சென்னப்பட்டினத்தைப் பிடித்தவர், அக்டோபரில் அடித்த புயலில் தன் கப்பல்கள் பலவற்றைப் பறிகொடுத்தார். கேமில் ஆறு வாரத்துக்கு ஒரு வருடம் என்று வைத்தால், அதில் ஒரு வாரம் சென்னைக் கரை மூடல். நிற்கலாம், உங்கள் பாடு. மற்றவர்கள் தெற்கே போவார்கள், அல்லது கப்பலை ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் காசிமேட்டில் போட்டுகளைக் கரையேற்றி வண்ணம் அடிப்பதைப் பார்த்து வந்த யோசனைதான் இது. தச்சருக்கு அந்த வாரம்தான் தீபாவளி.

பணம் என்றதும் ஒரு சின்ன எச்சரிக்கை. கம்பெனி காலச் சென்னையில் இருந்த ஒரு கணக்கு 1 வராகன் 42 பணம், 1 பணம் 80 காசு. ஆக ஒரு வராகனுக்கு 3360 காசு. முதல் மாதிரியில் நான் வராகனைத் தசமத்தில் வைத்தேன். நாலு முறை மாற்றி மாற்றி வாங்கி விற்றால் எங்கிருந்தோ அரைக் காசு முளைத்தது. இப்போது எல்லாம் காசில், முழு எண்ணில். திரையில் காட்டும்போதுதான் வராகன். இதைவிட மோசம், இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே மூட்டையை வாங்கினால் இருவருக்கும் மூட்டை கிடைத்தது. தம்பி கண்டுபிடிப்பதற்குள் நாகப்பட்டினத்தில் உண்மையில் விளையாத அரிசி மலையாய்க் குவிந்துவிட்டது. சந்தைக்கான உழைப்பில் பாதி, ஒருவர் வாங்கும்போது மற்றவர் கை வைக்காமல் தடுக்கும் இந்தப் பூட்டு வேலைக்குத்தான் போகும். கணக்குப் போடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தை விவாதமே இல்லாமல் ஒதுக்கினோம். வராகனை நிஜ ரூபாய்க்கு விற்பது கிடையாது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு சட்டம் கொண்டுவந்து தடை போட்டதற்கு முன்பே எடுத்த முடிவு இது. இன்னொன்று, இந்தக் கரையிலிருந்து அந்தக் காலத்தில் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அதைச் சரக்குப் பட்டியலில் அரிசிக்குக் கீழே ஒரு வரியாகப் போட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. எங்கே எப்படிச் சொல்வது என்று தெரியும்வரை தொடமாட்டோம்.

இப்போதைக்கு முடிவு இது. துறைமுக விலையை அடித்தளமாகப் போட்டு, அதன் மேல் ஊருக்கு ஊர் தனிச் சந்தை. கைத்தொழிலுக்கு உழைப்பு மணி, ஆளுக்கு இரண்டு தொழில். இதோடு மசூலா படகு முதல் கட்டத்திலேயே வந்துவிடும். நான் அடம்பிடித்து வாங்கிய இடம் அது. துபாஷியும் முன்பண ஒப்பந்தமும், ஊருக்கு ஊர் நாணயம் மாற்றித்தரும் சராப்பும் இரண்டாம் கட்டத்துக்குப் போயின. ஏனென்றால் ஏமாற்றுக்கு வழி அங்கேதான் அதிகம், அதைப் பார்க்க ஆள் இல்லை. அக்காவுக்கு இன்னும் படகுக்கூலி விஷயத்தில் சம்மதம் இல்லை. நாங்களே விலை நிர்ணயித்து விடலாம், இல்லையென்றால் அலை பெரிதாகும்போது படகுக்காரர்கள் கேப்டனின் சட்டையையும் உருவிவிடுவார்கள் என்கிறார். உருவட்டும் என்கிறேன் நான். வரும் ஞாயிறு கேரம் போர்டில் படகுக்கூலியை மட்டும் ஆடிப் பார்க்கப்போகிறோம். கயிற்றுக்காரப் பையனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. இந்த முறை அவன் படகுக்காரனாக வருகிறானாம்.